கெத்தும் குணமும்

பெண்களுக்கு நல்லவனைப் பிடிக்காது, கெட்டவனைத்தான் பிடிக்கும் என்ற பேச்சு கல்லூரி விடுதிகளின் மொட்டைமாடியிலும் டீக்கடை பெஞ்சிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவருகிறது. அதைச் சொல்பவர் பெரும்பாலும் காதலில் தோற்ற இளைஞராக இருப்பார். தான் நோட்ஸ் எழுதிக் கொடுத்தவள், மழையில் குடை பிடித்து பஸ் ஏற்றிவிட்டவள், தன்னை ‘அண்ணா’ என்று கூப்பிட்டுவிட்டு, புல்லட்டில் வரும் சண்டைக்காரன் பின்னால் ஏறிப் போய்விட்டாள் என்பது அவருடைய குறை. சாதுவான ஆணுக்குத் தமிழில் புழங்கும் பட்டப்பெயர்களும் அந்தக் குறைக்குச் சாட்சி சொல்வதைப் போலவே இருக்கின்றன: பழம், அம்மாஞ்சி, தயிர்சாதம். 2011இல் வந்த ‘கொலவெறி’ பாட்டுக்குப் பிறகு, தோற்ற காதலர்களுக்கு ‘சூப் பாய்ஸ்’ என்று ஒரு கூட்டப் பெயரே கிடைத்துவிட்டது.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு கூற்றுகள் சேர்ந்து கிடக்கின்றன. கெட்ட குணமே பெண்ணை ஈர்க்கிறது என்பது ஒன்று. நல்ல குணம் ஆணுக்குப் பாதகமாக முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கதை சொல்பவர்கள் அவர்களுக்கு மிகவும் முந்தியவர்கள்.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. அதன் கதை மட்டும் நீலகேசியின் உரையிலும் தம்மபதத்துக்கான பாலி உரையிலும் பிழைத்திருக்கிறது. பாலி உரை சொல்வதன்படி, கதாநாயகி பத்திரை ராஜகிருகத்துச் செல்வர் ஒருவரின் மகள். ஏழடுக்கு மாளிகையின் மேல்மாடத்தில் காவலில் வளர்ந்தவள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் ஒரு திருடனைச் சாளரம் வழியே பார்க்கிறாள். அவன் இல்லாமல் உயிர் வாழமாட்டேன் என்று படுத்துவிடுகிறாள். தந்தை காவலருக்குப் பணம் கொடுத்து அவனை மீட்டுத் திருமணம் செய்துவைக்கிறார். சில காலத்தில் அவன் அவளுடைய நகைகளுக்காக அவளை மலையுச்சிக்கு அழைத்துப்போய்க் கொல்லப் பார்க்கிறான். கடைசியாக ஒருமுறை வலம்வந்து வணங்கிக்கொள்கிறேன் என்று கேட்ட பத்திரை, அவன் முதுகுப் பக்கம் வந்ததும் அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள். பின்னர் துறவியாகிப் பெயர் பெறுகிறாள்.

கெட்டவன்மேல் பெண் கொள்ளும் காதலைப் பற்றிய மிகப் பழைய கதைகளில் இது ஒன்று. இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சாளரம். பத்திரை வேறு ஆண்களோடு பழகி, அவர்களை ஒதுக்கிவிட்டுத் திருடனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் கண்ணில் பட்டது தெருவில், கூட்டத்தின் நடுவே, உயரத்திலிருந்து தெரிந்த ஓர் உருவம். அவனுடைய குணம் அவளுக்குத் தெரியவந்தது மலையுச்சியில்தான். பின்னாளில் ஆய்வுக்கூடங்களில் நடந்த சோதனைகளில் பலவும் இந்தச் சாளரத்துக்கும் மலையுச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தையே வேறு விதங்களில் அளந்திருக்கின்றன.

ஆங்கில இலக்கியத்தில் இந்த விவாதத்தைக் கிளப்பிவிட்டவர் சாமுவேல் ரிச்சர்ட்ஸன். 1747-48இல் வெளிவந்த அவருடைய ‘கிளாரிஸா’ நாவலில் லவ்லேஸ் என்ற அழகான, பேச்சு வல்ல, கொடூரமான இளைஞன் வருகிறான்; கதாநாயகியின் வாழ்க்கையையே அழிக்கிறான். திருந்திய காமுகனே சிறந்த கணவனாவான் என்ற அக்கால நம்பிக்கை ஆபத்தானது என்று எச்சரிப்பது தன் நோக்கங்களுள் ஒன்று என்று ரிச்சர்ட்ஸன் முன்னுரையிலேயே எழுதினார். எச்சரிக்கை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. லவ்லேஸைத் திருத்தி கிளாரிஸாவுக்கே மணமுடித்து வையுங்கள் என்று வாசகியர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த நூற்றாண்டில் பைரனின் இருண்ட நாயகர்களும், 1847இல் ‘ஜேன் அய்ர்’ நாவலின் ரோச்செஸ்டரும், அதே ஆண்டில் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலின் ஹீத்கிளிஃபும் அதே வரிசையில் வந்து நின்றார்கள்.

அந்த வாசகியர் விரும்பியது லவ்லேஸின் கொடுமையையா என்பதே கேள்வி. அவர்களுடைய கோரிக்கையிலேயே விடை இருக்கிறது. அவன் திருந்த வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களோடு பேசி 1984இல் எழுதிய நூலிலும் இதுவே வெளிப்பட்டது. வெளியே முரடாகவும் உள்ளே கனிவாகவும் இருக்கும் நாயகனே அவர்களுக்கு உகந்தவன். கதாநாயகியை உண்மையிலேயே வதைக்கும் நாயகன் வந்தால் புத்தகத்தையே வெறுத்தார்கள். ரமணிசந்திரன் நாவல்களைப் படித்து வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்கும் இந்த நாயகன் புதியவன் அல்லன்.

நல்லவன் கடைசி இடத்துக்குத்தான் வருவான் என்ற ஆங்கில வாசகத்துக்கும் காதலுக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. அது பேஸ்பால் மைதானத்தில் பிறந்தது. 1946இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் மேலாளராக இருந்த லியோ டுரோச்சர், எதிரணியான நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்களைக் காட்டி, அவர்கள் எல்லாரும் நல்லவர்கள், ஆனால் பட்டியலில் அடியில் கிடக்கிறார்கள் என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் சொன்ன பேச்சு, சுருங்கிப் பழமொழியாகி, பிறகு காதல் களத்துக்குக் குடிபெயர்ந்தது.

இனி ஆய்வுகள். உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. 33 நாடுகளில், 37 மாதிரிக் குழுக்களில், 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் வாழ்க்கைத்துணையிடம் எதிர்பார்க்கும் குணங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஆண்களும் பெண்களும் சம்பாத்தியத்துக்கும் அழகுக்கும் மேலே வைத்தவை கனிவும் அறிவும். வாயால் சொல்வது வேறு, செய்வது வேறு என்ற மறுப்பு உடனே எழும், நியாயமான மறுப்புதான். அதனால் சொல்வதையும் தேர்வையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் வந்தன. கனடாவில் ஹெரால்டும் மில்ஹவுஸனும் 1999இல் 165 கல்லூரிப் பெண்களிடம் கேட்டார்கள். நல்ல பையன்களுக்குப் பாலுறவுத் துணைகள் குறைவு என்பதைப் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். அதே பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், டேட்டிங் போக வேண்டுமானால் நல்லவனோடுதான் போவோம் என்றார்கள். 2003இல் அமெரிக்காவில் அர்பனியாக்கும் கில்மனும் தொலைக்காட்சி டேட்டிங் நிகழ்ச்சி போல ஒன்றை எழுதிக்காட்டினார்கள். ஒரே இளைஞன் கனிவானவனாக, நடுத்தரமானவனாக, அகம்பாவியாக மூன்று வடிவங்களில் பதில் சொன்னான். கனிவான வடிவமே அதிகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. முகத்தோற்றத்துக்கும் செல்வாக்கு இருந்தது, அகம்பாவத்துக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் கலங்கிக் கிடந்த நீர் கொஞ்சம் தெளியத் தொடங்குகிறது. கெட்டவன் என்று ஊர் சொல்லும் ஆளிடம் பல குணங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன: தன்னம்பிக்கை, துணிச்சல், நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுவது, மறுத்துவிடுவாளோ என்ற கூச்சமில்லாமல் போய்க் கேட்பது, நன்றாக உடுத்துவது, கூட்டத்தில் தன் இடத்தை எடுத்துக்கொள்வது. இளைஞர்கள் இதை ‘கெத்து’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். அதே மூட்டையில் பொய், ஏமாற்று, கை நீட்டுவது ஆகியவையும் கிடக்கலாம். மூட்டையைப் பிரித்துத் தனித்தனியாகப் பார்க்காமல், எது ஈர்த்தது என்று சொல்ல முடியாது.

ஜென்சன்-கேம்ப்பெல், கிராசியானோ, வெஸ்ட் ஆகிய மூவர் 1995இல் அப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். ஆதிக்கமாக நடந்துகொள்ளும் ஆண்களையும் அடங்கிப்போகும் ஆண்களையும், ஒவ்வொரு வகையிலும் பிறருக்கு விட்டுக்கொடுப்பவரையும் கொடுக்காதவரையும் பெண்களுக்குக் காட்டினார்கள். கனிவில்லாத ஆணிடம் ஆதிக்கம் கவர்ச்சியைக் கூட்டவில்லை. கனிவுள்ளவனிடம் அது சேர்ந்தபோதுதான் ஈர்ப்பு ஏறியது. 2005இல் அமெரிக்க உளவியலாளர் ஃபார்திங் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது. பிறரைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைப்பவனைப் பெண்கள் விரும்பினார்கள். வெறும் சாகசத்துக்காக ஆபத்தில் இறங்குபவனை விரும்பவில்லை. நிதானமானவனே போதும் என்றார்கள். எரியும் வீட்டுக்குள் நுழைபவனும் குடித்துவிட்டு வண்டியை விரட்டுபவனும் ஆண்கள் பார்வையில் ஒரே மாதிரித் தைரியசாலிகளாகத் தெரியலாம். பெண்கள் அந்த இருவரையும் குழப்பிக்கொள்வதில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பொருந்தியிருக்க வேண்டிய பத்து ஒப்புமைகளைச் சொல்கிறது. ஆண்மை அதில் இருக்கிறது. அருளும் நிறையும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றது குறையும் என்ற எண்ணம் அந்தப் பட்டியலில் இல்லை. 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ படத்தில் எம்.ஜி.ஆர். இரட்டையராக வந்தார், ஒருவர் கோழை, ஒருவர் துணிந்தவர். துணிந்தவரின் சாட்டை கொடியவன்மீதுதான் சுழன்றது. கோழையும் கெட்டவனும் தவிர மூன்றாவது ஓர் ஆண் உண்டு என்பது அன்றைய தரை டிக்கெட் ரசிகர்களுக்கும் தெரிந்திருந்தது.

மறுபக்கத்துச் சான்றுகளையும் மறைக்கக் கூடாது. 2002இல் பால்ஹஸும் வில்லியம்ஸும் தற்காதல், சூழ்ச்சி, இரக்கமின்மை ஆகிய மூன்றையும் சேர்த்து ‘இருண்ட மும்மை’ என்று பெயரிட்டார்கள். இந்த மூன்றிலும் அதிக மதிப்பெண் பெறும் ஆண்கள் குறுகிய கால உறவுகளை அதிகம் நாடுகிறார்கள், துணைகளும் அதிகம் என்று தாங்களே சொல்கிறார்கள் என 2009இல் ஜோனஸன் குழுவினர் எழுதினார்கள். சில ஆண்டுகளில் பிரிட்டனில், 128 கல்லூரிப் பெண்களிடம் இரண்டு ஆண்களைப் பற்றிய வர்ணனைகளைக் கொடுத்துக் கேட்டபோது, இருண்ட குணமுள்ளவன் கவர்ச்சியில் முந்தினான். புன்னகைக்கும் ஆண்களைவிடப் பெருமிதமாக நிற்கும் ஆண்களின் படங்கள் பெண்களை அதிகம் ஈர்த்தன என்று 2011இல் கனடாவின் டிரேசியும் பீலும் கண்டார்கள். முதல் சந்திப்பிலேயே மிகுந்த பரிவு காட்டும் அந்நிய ஆண், அதனால் பெண்ணுக்குக் கூடுதல் கவர்ச்சியானவனாகத் தெரிந்துவிடுவதில்லை என்பது இஸ்ரேலின் குரிட் பிர்ன்பாம் குழு 2014இல் வெளியிட்ட முடிவு. இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக நடந்துகொள்கிறான், என்ன எதிர்பார்க்கிறான் என்ற சந்தேகம் பெண்ணுக்கு எழலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. தெருவில் தனியாக நடந்துபோகும் எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சந்தேகம் புரியும்.

இந்த முடிவுகளுக்குள் பொதுவாக ஒன்று இருக்கிறது. துணைகளின் எண்ணிக்கையைத் தவிர எல்லாமே படம், வர்ணனை, முதல் சந்திப்பு. அதாவது சாளரம். அதே பால்ஹஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர் குழுக்களை ஏழு முறை கூடிப் பேசவைத்தார். தங்களைத் தாங்களே உயர்த்திக்கொள்பவர்கள் முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் பிடித்தவர்களாக இருந்தார்கள். ஏழாவது கூட்டத்தில் அவர்களைப் பற்றிய மதிப்பு தலைகீழாகிவிட்டது. 2013இல் ஹோல்ட்ஸ்மனும் ஸ்ட்ரூபும் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். இருண்ட குணமுள்ளவர்களை அவர்கள் வந்த கோலத்தில் ஒரு படமும், ஒப்பனையும் அலங்காரமும் கலைத்துச் சாதாரண உடையில் ஒரு படமும் எடுத்தார்கள். அலங்காரம் போனதும் அவர்களுக்கு இருந்த கூடுதல் கவர்ச்சியும் போய்விட்டது. அவர்கள் இயல்பில் மற்றவர்களைவிட அழகர்கள் அல்லர், தங்களை அலங்கரித்துக்கொள்வதில் தேர்ந்தவர்கள்.

துணைகளின் எண்ணிக்கையையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பத்துப் பேரிடம் கேட்டு ஒன்பது மறுப்புகளைத் துடைத்துப்போட்டுவிட்டுப் போகிறவனுக்கும், ஒருத்தியிடம் கேட்கவே மூன்று ஆண்டு தயங்குபவனுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. மாதத்துக்கு ஒரு உறவை முறிப்பவனின் கணக்கு, பத்தாண்டு ஒருத்தியோடு வாழ்பவனின் கணக்கைவிடப் பெரிதுதான். பெண்கள் யாரை விரும்புகிறார்கள் என்பதற்கு அந்த எண் அளவுகோலாகாது. அந்த எண்ணையே அளவுகோலாக வைத்தாலும் நல்லவன் தோற்பதாகத் தெரியவில்லை. கனடாவில் ஆர்னாக்கி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு உதவும் குணமுள்ள ஆண்களுக்கே துணைகள் அதிகமாக இருந்தார்கள். கருமுட்டை வெளியாகும் நாட்களில் பெண்கள் முரடர்களை நாடுகிறார்கள் என்று ஒரு காலத்தில் பரவலாக எழுதினார்கள். 2014இல் அந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று எதிரான முடிவுக்கு வந்தன. பின்னர் ஜெர்மனியில் நடந்த பெரிய சோதனைகள் அந்தக் கருத்துக்கு ஆதரவு தரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை ஏன் சாகாமல் இருக்கிறது? கண்ணில் படுவது ஒரு காரணம். நல்லவனைக் கட்டிக்கொண்டு அமைதியாகக் குடும்பம் நடத்தும் லட்சக்கணக்கான பெண்கள் யாருக்கும் செய்தி ஆவதில்லை. ரவுடியோடு ஓடிப்போன ஒருத்தியின் கதை தெருவில் பத்தாண்டு பேசப்படும்.

இன்னொரு காரணம் ‘நல்லவன்’ என்ற பட்டத்தை வழங்குபவர் யார் என்பதில் இருக்கிறது. காதலில் தோற்ற இளைஞர் அதைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிறார். நோட்ஸ் எழுதிக் கொடுத்ததும் குடை பிடித்ததும் உதவிதான். ஆனால் அதற்கு ஈடாகக் காதல் வர வேண்டும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு எழுதிவைத்திருந்தால், அந்த உதவி கடனாகிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கோ தான் கடன் வாங்கியதே தெரியாது. அவர் தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லியே இருக்கமாட்டார். அவள் தேர்ந்தெடுத்தவனை அவர் கெட்டவன் என்கிறார். அவனிடம் அவள் கண்டது என்ன என்று அவளைக் கேட்பதில்லை. கூச்சம் குற்றமல்ல. அதில் படும் வேதனையும் பொய்யல்ல, அதைக் கேலி செய்பவர்கள் அந்த வேதனையை அறியாதவர்கள். ஆனால் கூச்சத்துக்கு நற்குணம் என்று பெயர் வைப்பதில்தான் பிசகு தொடங்குகிறது.

கொடுமைக்காரனோடு ஒரு பெண் விலகாமல் வாழ்வதும் இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகக் காட்டப்படுகிறது. அடிக்கிறான், ஆனாலும் போகமாட்டேன் என்கிறாள், அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கம் சொல்லும். கனடாவின் டட்டனும் பெயின்ட்டரும் வதைக்கும் உறவிலிருந்து வெளியேறிய பெண்களை ஆராய்ந்து 1993இல் எழுதியது வேறு. அதிகாரம் முழுக்க ஒருவர் கையில் இருந்து, அடியும் அன்பும் மாறிமாறி, எப்போது எது வரும் என்று தெரியாமல் வரும்போது, பாதிக்கப்பட்டவரின் மனம் வதைப்பவரோடு இன்னும் இறுகப் பிணைகிறது. அடித்த மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வருபவனிடமிருந்து விலகுவது, எப்போதும் அடிப்பவனிடமிருந்து விலகுவதைவிடக் கடினம். இதோடு பிள்ளைகள், பணம், பிறந்த வீட்டுக் கதவு திறக்குமா என்ற பயம் எல்லாம் சேர்கின்றன. இந்தப் பெண்களின் நிலையை ‘விருப்பம்’ என்று அழைப்பது பெருங்கொடுமை.

தமிழ் சினிமா இந்த நம்பிக்கையை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்திருக்கிறது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலி செய்தவர்களால் உயிரிழந்ததைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஈவ் டீசிங்கைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வெளியான ‘சேது’வில், கல்லூரி முரடன் தன்னைக் கண்டு நடுங்கும் பெண்ணைக் கடத்திப்போய்த் தன் காதலை ஏற்கச் சொல்கிறான், அவளும் பின்னர் அவனை விரும்புகிறாள். படம் பல விதங்களில் வலிமையானது, விக்ரமின் நடிப்பு மறக்க முடியாதது. அந்தக் காட்சி சொல்லிக்கொடுத்த பாடமும் அவ்வளவு எளிதில் மறைந்துவிடவில்லை. 2007இல் வந்த ‘பருத்திவீரன்’ கூர்ந்து பார்த்த படம். சண்டியரை முத்தழகு விரும்புவது அவன் சண்டியர் என்பதற்காக அல்ல, சிறுவயதில் தன் உயிரைக் காப்பாற்றியவன் என்பதற்காக. 2017இன் தெலுங்குப் படமான ‘அர்ஜுன் ரெட்டி’ தமிழில் ‘ஆதித்ய வர்மா’ ஆனபோது கோபமும் குடியும் மீண்டும் காதலின் ஆழத்துக்கு அடையாளமாகக் காட்டப்பட்டன.

சட்டம் இதற்கிடையில் தன் வழியில் நடந்தது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவாகக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல் முறை மூன்று ஆண்டுவரை சிறை, மீண்டும் செய்தால் ஐந்து ஆண்டுவரை.

நம்பிக்கையின் நஞ்சு முற்றினால் என்ன ஆகும் என்பதை 2014 மே மாதம் கலிபோர்னியாவின் ஐலா விஸ்டா காட்டியது. 22 வயது இளைஞர் ஒருவர் ஆறு பேரைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். தான் பண்பாளன், பெண்கள் தன்னை ஒதுக்கி முரடர்களிடம் போகிறார்கள் என்பது அவர் எழுதிவைத்த புலம்பல்.

தமிழ்க் குடும்பங்களில் ‘நல்ல பையன்’ என்ற சொல் அதிகம் புழங்கும் இடம் கல்யாணத் தரகரின் வாய். அங்கே அதற்குப் பொருள் பெரும்பாலும் இல்லாமைகளின் பட்டியல்: குடிக்கமாட்டான், சிகரெட் கிடையாது, பெண் சகவாசம் இல்லை, அம்மா பேச்சைத் தட்டமாட்டான். பிறகு சம்பளம், சொந்த வீடு, ஜாதகப் பொருத்தம். கோபம் வந்தால் என்ன செய்வான், மனைவி மறுத்துப் பேசினால் எப்படி எடுத்துக்கொள்வான் என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் எழுவதில்லை. இந்தியாவில் திருமணங்களில் மிகப் பெரும்பான்மை பெரியவர்கள் பார்த்து முடித்துவைப்பவை. அந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் நல்ல பையன்கள் என்று விசாரித்து எடுக்கப்பட்டவர்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணமான பெண்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அந்த எண் சுமார் 38.